ஓக்லஹோமாக்காரர் இந்த முறை வரியைக் கட்டட்டும்

ஜூன் 23, திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு எங்கட விடுதி அறையில் ஐந்து பேர் ஒரு ஃபோனைச் சுற்றி இருந்தோம். ஃபோன் ஒருவனுடையது, டேட்டா இன்னொருவனுடையது, சத்தம் எல்லாருடையதும். 2025 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். முதலாவது கால்பகுதியிலேயே இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்டன் குதிக்கால் நரம்பு அறுந்து விழுந்தபோது, ஓக்லஹோமா பக்கம் நின்றவர்களும் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. கடைசியில் 103–91. ஓக்லஹோமா சிற்றி தண்டர் சாம்பியன்.

கோப்பையைத் தூக்கி முடிய முதலே அறையில் அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. "இனி இந்த ரீமை எப்படியடா வைச்சிருக்கப் போறாங்கள்?" என்று ஒருவன் கேட்டான். ஜூலை மாதம் அந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலும் வந்தது. ஷே கில்ஜஸ் அலெக்சாண்டருக்கு 4 வருடத்துக்கு 285 மில்லியன் டொலர். செட் ஹோம்கிரனுக்கு 5 வருடத்துக்கு 250 மில்லியன் வரை. ஜேலன் வில்லியம்சுக்கு அதே 5 வருடத்துக்கு 287 மில்லியன் வரை. மூன்று பேருக்கு மட்டும் 800 மில்லியனுக்கு மேல். இதில் ஹோம்கிரனுடையதும் வில்லியம்சுடையதும் 2026-27 பருவத்தில் தொடங்கும், ஷேயினுடையது அதற்கடுத்த வருடம். அப்போது தண்டர் என்.பி.ஏ.யின் ஆடம்பர வரிக் கோட்டைத் தாண்டுமா, தாண்டினால் உரிமையாளர்கள் காசைக் கட்டுவார்களா, இல்லாவிட்டால் யாரையாவது விற்றுத் தள்ளுவார்களா என்பதுதான் கேள்வி.

கட்ட வேண்டும் என்பது எங்கட கட்சி.

கூடைப்பந்தாட்டம் பார்க்காத ஆக்களுக்காக இந்த வரி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கட நாட்டில் ஆடம்பர வரி என்றால் பெரிய வாகனங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். என்.பி.ஏ.யில் அது வீரர்களின் சம்பளத்தில் வருவது. ஒரு ரீம் தன்னுடைய ஆட்களுக்குக் கொடுக்கிற மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. 2025-26இல் அந்தக் கோடு ஏறத்தாழ 187.9 மில்லியன் டொலர். அதைத் தாண்டிக் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் தாண்டிய ஒவ்வொரு டொலருக்கும் லீக்குக்கு வரி கட்ட வேண்டும். முதல் படியில் டொலருக்கு 1 டொலர், அடுத்த படியில் 1.25, பிறகு ஒரேயடியாக 3.50, அதற்குப் பிறகு 4.75 என்று ஏறிக்கொண்டே போகும். அறையில் ஒரு பழைய நோட்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கோட்டுக்கு மேலே 20 மில்லியன் போனால் வரி மட்டும் 47 மில்லியனுக்குக் கிட்ட வருகிறது. முந்திய நான்கு வருடங்களில் மூன்று வருடம் வரி கட்டிய ரீம் என்றால் வீதம் இன்னும் கூட. அதே 20 மில்லியனுக்கு 87 மில்லியன் அளவில். கட்டுகிறவர்களின் காசில் ஒரு பகுதி, கட்டாத ரீம்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். அதாவது வரி கட்டாமல் இருந்தால் செலவும் மிச்சம், மேலதிகமாக ஒரு காசோலையும் வரும். உரிமையாளர்கள் இந்தக் கோட்டைக் கண்டு ஒதுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு ஏன் ஓக்லஹோமாவில் இவ்வளவு அக்கறை? இதே ஊர், இதே கேள்வி, 2012இல் ஒருமுறை வந்து போனது. அப்போது நாங்கள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள், இதொன்றும் தெரியாது. பிறகு யூரியூப்பில் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்துத்தான் இந்தக் கதைக்குள் விழுந்தோம். கெவின் டுரான்ட், ரசல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன். மூன்று பேருமே 2012இல் 24 வயதைத் தாண்டாதவர்கள், மூன்று பேரையும் இந்த ரீமே ட்ராஃப்டில் எடுத்து வளர்த்தது. அந்த வருடம் இறுதிச் சுற்றுக்குப் போய் மயாமியிடம் 4–1 என்று தோற்றார்கள். ஹார்டன் அப்போது தொடக்க ஐவரில்கூட இல்லை, மாற்று வீரர்களில் சிறந்தவர் என்ற விருது அவருக்கு.

பிறகு ஒப்பந்தப் பேச்சு. ஹார்டன் கேட்டது அவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய உச்சத் தொகை, நான்கு வருடத்துக்கு 60 மில்லியன் அளவில். ரீம் வைத்தது அதைவிடச் சில மில்லியன் குறைவு. அந்தச் சில மில்லியன் பெரிய விசயமில்லை. அதற்குப் பின்னால் இருந்த வரிதான் விசயம். 2011 தொழில் ஒப்பந்தத்தின்படி 2013-14இலிருந்து வரி வீதம் கூடப் போவது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2012 ஒக்டோபர் 27, பருவம் தொடங்க ஒரு வாரம்கூட இல்லை, ஹார்டனை ஹூஸ்டனுக்கு ட்ரேட் செய்தார்கள். கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், சில ட்ராஃப்ட் உரிமைகள் பதிலுக்கு வந்தன. ஹூஸ்டனுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஹார்டன் 37 புள்ளிகள் எடுத்தார். 2014இல் டுரான்ட், 2017இல் வெஸ்ட்புரூக், 2018இல் ஹார்டன் என்று மூன்று பேரும் லீக்கின் அதிசிறந்த வீரர் விருதை வாங்கினார்கள். மூன்று பேரையும் ஒரே அறையில் வைத்திருந்த ரீம் அவர்களோடு ஒரு கோப்பையும் எடுக்கவில்லை.

எங்களுக்குள்ளேயே ஒருவன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். "ஹார்டனை விட்டதால தோற்கேல்ல, காயத்தால தோற்றது" என்பான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2013 பிளேஓஃபில் முதல் சுற்றிலேயே வெஸ்ட்புரூக்கின் முழங்கால் போனது. 2014இல் மேற்குப் பிரிவு இறுதியில் சேர்ஜ் இபாக்கா காயத்தால் முதல் ஆட்டங்களைத் தவறவிட்டார். 2014-15இல் டுரான்டின் பாதம். அந்த ஹார்டன் ட்ரேட்டில் வந்த உரிமையில்தான் ஸ்டீவன் அடம்ஸ் கிடைத்தார், அவர் நல்ல ஆள் என்பதும் சரி. ஆனால் இந்தக் காயப் பட்டியலே எங்கட பக்கத்து வாதம் என்று நாங்கள் நினைக்கிறோம். இரண்டு பெரிய ஆட்களில் ஒருவர் விழுந்தால் ரீமில் பாதி போய்விடும். மூன்று பேர் இருந்து ஒருவர் விழுந்தால் இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். வெஸ்ட்புரூக் இல்லாத 2013இல் டுரான்ட் தனியாக மெம்பிஸுக்கு எதிராக இழுபட்டு 4–1 என்று தோற்றதைப் பாருங்கள். பக்கத்தில் ஹார்டன் நின்றிருந்தால் என்று யோசிக்காமல் அந்த ஆட்டங்களைப் பார்க்க ஏலாது.

2016இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 3–1 என்று முன்னால் நின்று, பிறகு மூன்று ஆட்டங்களையும் கோட்டைவிட்டார்கள். அந்த ஜூலையிலேயே டுரான்ட் அதே கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். அதைப்பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை வரும், விடுவோம்.

தண்டர் உரிமையாளர்களைக் கஞ்சர் என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். நாங்களும் முதலில் அப்படித்தான் கதைத்துத் திரிந்தோம். கணக்குப் பார்த்தால் அது பிழை. அவர்கள் வரி கட்டியிருக்கிறார்கள். முதல் தடவை கட்டியது 2014-15இல், ஏறத்தாழ 3 மில்லியன். அந்த வருடம் 45 வெற்றி, 37 தோல்வி, பிளேஓஃபுக்கே போகவில்லை! பிறகு போல் ஜோர்ஜையும் கார்மெலோ அந்தனியையும் கொண்டுவந்த 2017-18இல் 25 மில்லியன் அளவில் கட்டினார்கள், முதல் சுற்றில் யூட்டாவிடம் தோல்வி. 2018-19இல் 60 மில்லியனுக்கு மேல், முதல் சுற்றில் போர்ட்லண்டிடம் தோல்வி. டேமியன் லில்லர்ட் மைதானத்தின் பாதியிலிருந்து எறிந்த மாதிரி ஒரு பந்தை எறிந்து கையசைத்துவிட்டுப் போனாரே, அந்த ஆட்டம்தான். ஆக, 24 வயதில் மூன்று எம்.வி.பி.களை வைத்திருந்தபோது கட்டப் பயந்த வரியை, அந்த ரீம் கலைந்து ஒட்டுப்போட்டு ஓடிய வருடங்களில் பத்து மடங்காகக் கட்டினார்கள். கையில் காசு இல்லாததால் வந்த தோல்வி இல்லை இது. பிழையான நேரத்தில் கையை மூடி, பிழையான நேரத்தில் திறந்தார்கள்.

இதிலிருந்து எங்களுக்கு வந்த முடிவு: வரி கட்டுவதா இல்லையா என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. யாரை வைத்திருப்பதற்காகக் கட்டுகிறோம், அவர்களுக்கு என்ன வயது என்று கேட்க வேண்டும்.

புரூக்ளின் நெட்ஸ் 2013-14இல் 90 மில்லியன் வரி கட்டியது. யாருக்காக? வேறு ரீமில் வயதாகிப் போன கெவின் கார்னட், போல் பியர்ஸ் ஆகியோரை வாங்குவதற்காக. இரண்டாம் சுற்றில் முடிந்தது. அந்த ட்ரேட்டில் கொடுத்த ட்ராஃப்ட் உரிமைகளின் வழியாகப் பொஸ்டனுக்கு ஜேலன் பிரவுணும் ஜேசன் டேட்டமும் கிடைத்தார்கள். அந்த இருவரோடு பொஸ்டன் 2024இல் சாம்பியன். பீனிக்ஸ் சன்ஸ் இன்னும் மோசம். டுரான்ட், பிரட்லி பீல் என்று வெளியிலிருந்து கூட்டி வந்து, 2024-25இல் லீக்கிலேயே ஆகக்கூடிய வரிக்கட்டணத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, 36 வெற்றி 46 தோல்வியோடு பிளேஓஃபுக்கு வெளியே நின்றார்கள். அடுத்த கோடையில் டுரான்டையும் விற்றாயிற்று, பீலையும் காசு கொடுத்து அனுப்பியாயிற்று.

மறுபக்கம் கோல்டன் ஸ்டேட். ஸ்டீபன் கரி, கிளே தொம்சன், ட்ரேமண்ட் கிரீன் மூன்று பேரும் அவர்களே ட்ராஃப்டில் எடுத்தவர்கள். 2021-22இல் 170 மில்லியன் டொலர் வரி. அந்த வருடம் கோப்பை. அதற்கு முன் இரண்டு வருடம் தொம்சன் காயத்தால் ஒரு ஆட்டமும் ஆடவில்லை, பேசாமல் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று சொல்ல எவ்வளவோ நியாயம் இருந்தது. வைத்திருந்தார்கள், வந்தது. சந்தையில் புதிதாக ஆள் வாங்குவதற்கு வரி கட்டுவதும், தான் வளர்த்த ஆளை வீட்டில் வைத்திருக்க வரி கட்டுவதும் ஒன்றில்லை. கூடச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆடிய ஆட்களிடம் இருக்கிற அந்தப் பழக்கம் கடையில் கிடையாது. எங்கட கம்பஸ் கோர்ட்டில் பின்னேரம் ஆடுகிற எங்களுக்கே அது தெரியும். ஒருவன் திரும்பிப் பார்க்காமல் பந்தைப் போடுவான், மற்றவன் அங்கே நிற்பான்.

"தண்டர் 2025இல் வரி கட்டாமல்தானே வென்றது?" என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் எப்படி வென்றது? ஜேலன் வில்லியம்சின் சம்பளம் அந்த வருடம் 5 மில்லியனுக்கும் குறைவு. ஹோம்கிரனுடையது 11 மில்லியன் அளவில். புதுமுக ஒப்பந்தம் என்பது லீக் நிர்ணயித்த மலிவு விலை, வீரர் எவ்வளவு ஆடினாலும் நான்கு வருடம் அதே விலைதான். 2026-27இல் இருவருக்கும் தனித்தனியே 40 மில்லியனைத் தாண்டும். வரி கட்டாமல் சாம்பியன் ஆவது ஒரு தடவை கிடைக்கிற கழிவு விலை, அதுவும் பிள்ளைகள் வளரும் மட்டும்தான்.

எதிர்த்தரப்பில் பலமான ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்க விருப்பமில்லை. 2012இல் வரி என்றால் காசு மட்டும்தான். 2023 தொழில் ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்படியில்லை. இப்போது 'செகண்ட் ஏப்ரன்' என்று இன்னொரு கோடு இருக்கிறது, 2025-26இல் ஏறத்தாழ 207.8 மில்லியனில். அதைத் தாண்டினால் இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவருக்காக ட்ரேட் செய்ய ஏலாது, ட்ரேட்டில் காசு அனுப்ப ஏலாது, ஏழு வருடம் தள்ளி வருகிற முதல் சுற்று ட்ராஃப்ட் உரிமையை முடக்கி வைப்பார்கள். காசுள்ளவனையும் கட்டிப் போடுகிற விதி. பொஸ்டனையே பாருங்கள். 6.1 பில்லியனுக்குக் கைமாற விலை பேசியிருந்த ரீம், டேட்டம் குதிக்கால் நரம்பு அறுந்து படுத்ததும் ஹொலிடேயையும் போர்சிங்கிஸையும் உடனே வெளியே அனுப்பிவிட்டது.

இதற்கு எங்கட பதில், தண்டர் எல்லாரையும் எப்போதைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அண்மைய வருடங்களில் அவர்கள் வரி கட்டவில்லை, அதனால் திரும்பத் திரும்பக் கட்டுகிறவர்களுக்கான அந்தக் கூடிய வீதம் உடனே அவர்கள் தலையில் விழாது. 2026-27இலிருந்து மூன்று பருவம் சாதாரண வீதத்தில் கட்டலாம். அந்த மூன்று வருடமும் ஷேயின் உச்சக் காலத்தோடு அப்படியே பொருந்துகிறது. ட்ராஃப்ட் உரிமைகளோ போல் ஜோர்ஜை விற்ற நாளிலிருந்து குவிந்து கிடக்கின்றன, ஒன்றிரண்டு முடங்கினாலும் குடி முழுகாது. வில்லியம்சே அப்படிக் கிளிப்பர்ஸிடமிருந்து வந்த உரிமையில் எடுத்த ஆள்தானே. மூன்று வருடம் கட்டு, பிறகு யோசி என்கிறோம், அவ்வளவுதான்.

இனிக் கன்ரீன் கதை ஒன்று. இதையெல்லாம் நாங்கள் உரத்துக் கதைத்துக்கொண்டிருக்க, பொருளியல் செய்கிற எங்கட பட்ச் தோழி ஒருத்தி பிளேன்ரீயோடு வந்து இருந்து கேட்டாள்: "கோடீஸ்வரன் கோடீஸ்வரனுக்குக் காசு குடுக்கிறான், இதில உங்களுக்கு என்ன நியாயம் வேண்டிக் கிடக்கு?" நாங்கள் தடுமாறித்தான் போனோம். வீடு போய்த் தேடி வாசித்த பிறகுதான் அவளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவும் வைத்தது.

தண்டர் ஓக்லஹோமாவில் பிறந்த ரீம் இல்லை. அது சியாட்டிலின் சூப்பர்சொனிக்ஸ். 2006இல் கிளே பெனட் தலைமையிலான ஓக்லஹோமாக் குழு 350 மில்லியனுக்கு வாங்கி, 2008இல் ரீமையே தூக்கிக்கொண்டு வந்தது. வருவதற்கு முன், 2008 மார்ச்சில், ஓக்லஹோமா மக்கள் வாக்களித்து விளையாட்டரங்கைத் திருத்த ஒரு டொலருக்கு ஒரு சதம் மேலதிக விற்பனை வரி ஏற்றுக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் மறுபடி ஒரு வாக்கெடுப்பு. இந்த முறை புதிய அரங்கு, குறைந்தது 900 மில்லியன் டொலர். அதில் உரிமையாளர்கள் போடுவது 50 மில்லியன். மிச்சம் அநேகமாக எல்லாம் பொதுக் காசு, ஆறு வருடத்துக்கு மறுபடி அந்த ஒரு சத விற்பனை வரி. 71 வீதமானோர் ஆம் என்று போட்டார்கள். பதிலுக்கு ரீம் 2050 வரையாவது ஊரில் இருக்கும் என்று உடன்பாடு. (கோல்டன் ஸ்டேட் 2019இல் திறந்த அரங்கு தனியார் காசில் கட்டியது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம்.)

விற்பனை வரி என்றால் என்னவென்று 18 வீத வற் கட்டுகிற எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பால்மா வாங்குகிறவனும் கட்டுவான், கார் வாங்குகிறவனும் கட்டுவான், உறைப்பது முதலாமவனுக்கு. ஓக்லஹோமாவில் ஆட்டம் பார்க்க ரிக்கெட் எடுக்க வசதியில்லாத ஆளும் சப்பாத்து வாங்கும்போது அந்த அரங்குக்குக் காசு போடுகிறான். ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வாழுகிற ஊர் அது. "நாங்கள் சின்ன ஊர், சின்னச் சந்தை, வரி கட்டத் தாங்காது" என்று உரிமையாளர்கள் சொல்கிற அதே ஊர், சின்னதாக இருந்துகொண்டே இரண்டு தடவை வரிக்குக் கை தூக்கியிருக்கிறது. 350 மில்லியனுக்கு வாங்கிய ரீமின் பெறுமதி இன்றைக்குப் பில்லியன் கணக்கில். 2025-26இலிருந்து லீக்குக்கு 11 வருடத்துக்கு 76 பில்லியன் டொலர் ரிவி ஒப்பந்தம் வேறு. பொதுமக்கள் வரி கட்டிக் கட்டிய மேடையில், உரிமையாளர் தன்னுடைய வரிக்குப் பயந்து நடிகர்களை விற்பது எந்த ஊர் நியாயம் என்றுதான் தோழிக்குப் பதில் சொன்னோம். "அப்படியெண்டால் அரங்குக்கே அவை காசு குடுக்கேலாதோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதுவும் சரிதான். ஆனால் அந்த வாக்கு முடிந்துபோன ஒன்று. வீரர்களைப் பற்றிய முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

இண்டியானாவின் கதையையும் தள்ளிவிட மனமில்லை. அந்த ஏழாவது ஆட்டம் முடிந்து எட்டே நாளில், பத்து வருடம் அங்கே ஆடிய மைல்ஸ் டேர்னர் மில்வோக்கிக்குப் போக ஒப்புக்கொண்டார். பேசர்ஸ் ஏறத்தாழ 20 வருடமாக ஆடம்பர வரி கட்டாத ரீம். ஹாலிபர்டனின் காயம் கணக்கை மாற்றியிருக்கும், வரி மட்டும்தான் காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போன ஒரு ரீமின் நடுத்தூண், அடுத்த பருவம் அதே பிரிவில் இருக்கிற எதிராளியின் சீருடையில். ஓக்லஹோமாவிலும் முதல் அடி இப்படித்தான் விழும். ஷேயை யாரும் விற்கப் போவதில்லை. அடுத்த கோடையில் ஐசையா ஹார்டன்ஸ்டைனின் 28.5 மில்லியனையும் லூகென்ட்ஸ் டோர்ட்டின் 18 மில்லியனையும் நீட்டுவதா விடுவதா என்று ரீம் முடிவெடுக்க வேண்டும். இரண்டுமே ரீமின் கையில் இருக்கிற தெரிவுகள். எதிரணியின் ஆகச் சிறந்த ஆளைக் காவல் காக்கிற டோர்ட், 2019இல் ட்ராஃப்டில் ஒருவரும் எடுக்காமல் விட்ட பெடியன். அவனை அங்கேதான் வளர்த்தார்கள்.

காயக் கட்சிக்காரன் டோர்ட்டை விட்டுவிடுவார்கள் என்கிறான். நாங்கள் நான்கு பேரும் இல்லை என்கிறோம். ஆளுக்கொரு கோழிக் கொத்து பந்தயம். தோழி இரண்டு பக்கமும் சேரவில்லை, கொத்துக்கு மட்டும் வருவாளாம்.